திரைப்படச் சங்க ஆண்டறிக்கை: சியேகோ பைஷோவுக்கு ஒதுக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி இந்த ஆண்டை ஒரே நடிகைக்கு ஒதுக்கினோம். 1941-ல் டோக்கியோவில் பிறந்த சியேகோ பைஷோ, ஷோசிக்கு என்னும் ஜப்பானியத் திரைப்பட நிறுவனத்தின் ஆடல்பாடல் குழுவிலிருந்து 1961-ல் சினிமாவுக்கு வந்தவர். அறுபது ஆண்டுகளைத் தாண்டிய அவருடைய நடிப்பில் நான்கு படங்களைத்தான் நம்மால் திரையிட முடிந்தது.

முதலில் 'டோரா-சான்' வரிசையின் முதல் படம். இயக்குநர் யோஜி யமடா 1969-ல் தொடங்கிய இந்த வரிசை 1995-க்குள் 48 படங்களாக வளர்ந்தது. ஊர் ஊராகத் திரியும் வியாபாரி டோராவாக கியோஷி அட்சுமி, தங்கை சகுராவாக பைஷோ. அண்ணன் வருவான், வீட்டில் சண்டை போடுவான், யாரையாவது விரும்பி மனம் உடைந்து மறுபடி பெட்டியைத் தூக்குவான். அவன் எப்போது வருவானோ என்று கவலைப்படுவது சகுராதான். கதை நடக்கும், டோக்கியோவின் ஷிபாமாதா பகுதியில், ரயில் நிலையத்தின் முன் திரும்பிப் பார்க்கும் டோராவின் சிலையை 1999-ல் வைத்தார்கள். வழியனுப்பும் சகுராவின் சிலை வந்தது 2017-ல்தான். அந்த 18 ஆண்டுகளும் அவன் யாரைப் பார்த்துக்கொண்டு நின்றானோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்புறம் 1977-ல் வந்த 'தி யெல்லோ ஹேண்ட்கர்சீஃப்'. சிறையிலிருந்து வரும் கணவனாக கென் தகாகுரா, மனைவியாக பைஷோ. அவள் இன்னும் காத்திருந்தால் மஞ்சள் கைக்குட்டை கட்டியிருக்க வேண்டும். யூபாரி என்னும் சுரங்க ஊரில் மஞ்சள் கைக்குட்டைகள் வரிசையாகப் பறந்தபோது கூடமே கைதட்டியது.

மூன்றாவது, ஹயாவோ மியாசாகியின் அனிமேஷன் படம் 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' (2004). சாபத்தால் 18 வயதுப் பெண் சோஃபி 90 வயதுக் கிழவியாகிவிடுகிறாள். ஆங்கிலத்தில் இரண்டு நடிகைகள் பேசியதை ஜப்பானிய மொழியில் பைஷோ ஒருவரே பேசினார், அதுவும் அறுபது வயதைக் கடந்த பிறகு. அரண்மனைப் படிகளில் சோஃபி நாயைத் தூக்கிக்கொண்டு ஏறும் இடத்தில் நம் புரொஜெக்டர் விளக்கு போய்விட்டது. படம் இல்லை, சப்டைட்டில் இல்லை, ஒலி மட்டும் ஓடியது. நிறுத்த எழுந்தேன், "இருக்கட்டும் சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இருட்டில் அந்த மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு படியும் காதிலேயே தெரிந்தது. முகம் இல்லாமலும் இவர் நடிகைதான் என்பதை அன்று நேரில் உணர்ந்தோம்.

கடைசியாக 2022-ல் வந்த, சியே ஹயாகவாவின் 'பிளான் 75'. எழுபத்தைந்து வயதானவர்கள் சாவைத் தேர்ந்தெடுக்க அரசே உதவும் ஒரு ஜப்பான். வேலையிழந்த மிச்சி என்னும் மூதாட்டியாக பைஷோ. அந்தத் திட்டத்தின் சார்பில் தொலைபேசியில் பேசவரும் இளம்பெண்ணுக்கு ஒரு அழைப்புக்குப் பதினைந்தே நிமிடம். அந்தப் பெண்ணின் நேரத்துக்கு மிச்சி நன்றி சொல்லும்போது பைஷோ அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. விளக்கைப் போட்ட பிறகும் யாரும் எழவில்லை. அன்றைய கலந்துரையாடலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தோம்.

வரும் ஆண்டில் 'டோரா-சான்' வரிசையிலிருந்து மேலும் சில படங்களைத் திரையிடச் செயற்குழு பரிந்துரைக்கிறது. உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன். புது விளக்கு வாங்கியாகிவிட்டது. அந்தச் செலவைப் பொருளாளர் கணக்கோடு வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்