கணினி அனுப்பும் பழைய மாணவர் சங்கங்களுக்கு

லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண், பாரிஸ் கிளைகளில் இருக்கும் அண்ணாமார், அக்காமாருக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் கணினி அறைகளை ஓடவைக்க உதவுகிறவர்களில் ஒருவனாக எழுதுகிறேன். நீங்கள் அனுப்பும் கணினிகளில் குறை இல்லை. ஏதோ அலுவலகத்தில் ஓடிக் கழிந்தவை என்றாலும், பிள்ளைகள் பைதான் மொழியில் நிரல் எழுதிப் பழக அவை தாராளம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் ப்ராசஸர் இவற்றில் பலவற்றில் இல்லை. ஆகவே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுகிறோம். அதுவரை சரி.

வில்லங்கம், பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தச் சின்ன யூஎஸ்பி வைஃபை டொங்கிள்தான். செருகினால் வைஃபை வராது, திரையில் ஒரு சீடி ட்ரைவ் தோன்றும்! உள்ளே விண்டோஸுக்கான செட்டப் கோப்பு. 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற மென்பொருள் கொண்டு அந்த வேஷத்தைக் கலைத்த பிறகுதான் ரியல்டெக் சிப் வெளியே தெரியும். தெரிந்தும் பயனில்லை, ஓடுகிற கேர்னலில், அதாவது லினக்ஸின் மையக் கருவில், அதற்கு மொடியூல் (அந்தச் சிப்பை இயக்கும் ட்ரைவர்) இல்லை. 8821சியூ சிப்புக்கான ட்ரைவர் கேர்னலுக்குள் வந்தது 2023இல், 6.2 பதிப்பில். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 வந்தபோது அதில் இருந்தது 5.15 கேர்னல்.

ட்ரைவரை அதன் மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் பண்ணலாம் என்றால் ஜிசிசி, மேக் என்ற கருவிகள், ஓடுகிற கேர்னலுக்கு அச்சொட்டாகப் பொருந்தும் ஹெடர் கோப்புகள் எல்லாம் வேண்டும். அவை இணையத்தில் இருக்கின்றன. இணையத்துக்குப் போக ட்ரைவர் வேண்டும். பைத்தியம் தீர்ந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும் என்ற கதை. ஆசிரியர் ஒருவரின் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டு, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தால் வழி திறக்கும், அதற்கான ட்ரைவர் கேர்னலிலேயே உண்டு. டேட்டா மட்டும் ஆசிரியரின் காசு. அப்புறம் ட்ரைவரைக் கட்டி, நிறுவி, ஏற்றும் கட்டளைகள்: மேக், மேக் இன்ஸ்டால், மோட்ப்ரோப். ஹெடர் பதிப்பு பிசகினால் 'இன்வாலிட் மொடியூல் ஃபோர்மட்' என்று முகத்தில் அடிக்கும். கணினி தொடங்கும்போதே கையொப்பம் பார்க்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் கையொப்பமில்லாத மொடியூலைக் கேர்னல் ஏற்காது. ஒவ்வொரு கணினியையும் ரீஸ்டார்ட் செய்து, நீலத் திரையில் கையொப்பத்துக்கான சாவியைப் பதிய வேண்டும்.

இத்தனையும் செய்து வைஃபை வந்தாலும், கேர்னல் அப்டேட் ஆனதும் பழையபடி போய்விடும். டிகேஎம்எஸ் என்ற கருவி இருந்தால் தானாகத் திரும்பக் கம்பைல் பண்ணும், உண்மைதான். ஆனால் கேர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வெளியே இருக்கும் ட்ரைவருக்காக அவற்றை மாற்றாமல் வைத்திருப்பதில்லை என்பது கேர்னல்காரரின் கொள்கை. அந்த ட்ரைவரைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கேயோ ஓய்வு நேரத்தில் அதைச் செய்கிறார். அவர் கைவிட்டால் கம்பைல் பாதியில் எரர் கக்கும். ஐசிடி ரீச்சர் அன்று என்ன செய்வார்? கணினி பழுது என்று ஒரு துண்டு எழுதி ஒட்டுவார்.

ஆகவே வாங்குமுன் உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யு என்றால் 4.19 தொடக்கம் கேர்னலிலேயே ட்ரைவர் உண்டு. அதிரோஸ் ஏஆர்9271 அதைவிடப் பழசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆனால் செருகியதும் வேலை செய்யும். மாதிரிப் பெயரை நம்ப வேண்டாம். டிபி-லிங்க் 722என் என்ற டொங்கிளின் முதற் பதிப்பில் இருந்தது இதே அதிரோஸ். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக்காகிவிட்டது.

என்னைக் கேட்டால் டொங்கிளே வேண்டாம். மேசைக் கணினிகளின் பின்னால் ஈதர்நெட் துளை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சுவிட்ச், ஒரு சுருள் கேட் 6 கேபிள், கொஞ்சம் பிளக், அவற்றைக் கேபிள் முனையில் பொருத்த ஒரு கிரிம்பிங் டூல் போதும், மிச்சத்தை உயர்தரப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். திறப்புவிழாப் படத்தில் கேபிள் அவ்வளவு எடுப்பாக இருக்காதுதான்.

அடுத்த பெட்டி கட்டுமுன் பொருட்பட்டியலைப் பாடசாலைக்கு ஒருமுறை அனுப்புங்கள். எந்தச் சிப் என்ற ஒரு வரி அதில் இருந்தால் போதும், ஓமா இல்லையா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறோம்.