ஆகஸ்டில் இலங்கை போகிற மகளுக்கு

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள கயல்,

நீயும் மாப்பிள்ளையும் ஆகஸ்டில் இங்கே வந்துவிட்டு அப்படியே இலங்கையும் போய்வரப் போகிறீர்கள் என்றதும் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய திட்டத்தில் காலி, மிரிஸ்ஸ என்று பாதி நாளைத் தெற்குக் கரையிலேயே போட்டிருக்கிறாய். அதை மாற்றிவிடு, கண்ணு.

ஆகஸ்டில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும், குளிக்க இறங்க முடியாது. மிரிஸ்ஸவில் படகேறித் திமிங்கிலம் பார்ப்பதற்கும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம். கிழக்குக் கரைக்கு நம்ம சென்னையைப் போல ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. ஆடி, ஆவணியில் திருகோணமலைக் கடல் அமைதியாகக் கிடக்கும்.

அதனால் கொழும்பில் இறங்காதே. இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கே விமானம் இருக்கிறது. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும், பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் வரும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மாப்பிள்ளையிடம் முன்னாடியே சொல்லிவிடு. பொது நூலகத்தை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதே. 1981-இல் அதை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகிப்போயின. மறுபடி கட்டி எழுப்பியிருக்கிறார்கள். பார்வையாளர் நேரம் கேட்டுக்கொண்டு உள்ளே போ.

திருகோணமலையில் மூன்று நாளாவது இரு. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் கடலுக்கு நேர்மேலே பாறை உச்சியில் இருக்கிறது. பழைய கோயிலைப் போர்த்துகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், இப்போது இருப்பது பிற்பாடு கட்டியது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு போகலாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்தாலே பவளப்பாறையும் மீன்களும் தெரியும். பவளத்தின்மேல் மட்டும் கால் வைக்காதே. அது உயிருள்ளது, மிதித்தால் செத்துப்போகும்.

அப்புறம் மின்னேரியா. மகாசேனன் என்ற ராஜா 3-ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம் அது. தண்ணீர் வற்ற வற்றக் கரையெல்லாம் புல் முளைக்கும். அதைத் தேடி யானைகள் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக வருவது ஆகஸ்ட், செப்டம்பரில்தான். சிகிரியா பாறைக்கோட்டையும் பக்கத்தில்தான், வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள்.

மிச்ச நாள் முழுவதையும் மலையகத்துக்குக் கொடு. கண்டியிலிருந்து எல்ல என்கிற ஊருக்குப் போகிற ரயிலில் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது, நீ செய்யாதே. ஹட்டனிலோ நானுஓயாவிலோ இறங்கி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போ. அந்த மலைகளைத் தோட்டமாக்கியவர்கள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கூலி வேலைக்குப் போன நம்ம ஜனங்கள். மன்னார்ப் பக்கம் கரையேறி, காட்டு வழியே நடந்தே போனார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1948-இல் அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான பேரை இங்கே அனுப்பினார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன.

நானும் அப்பாவும் போனபோது கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறையேறிக் கறுத்திருந்தன, நக ஓரமெல்லாம் வெடிப்பு. "நீங்க இந்தியாவுல எந்த ஊரு?" என்று கேட்டார். நம்ம ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவருடைய பாட்டனார் ஊரைச் சொல்லி, அது எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். அப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசு. கேட்காமல் படம் எடுக்காதே. தேத்தண்ணி கொடுத்தால் மறுக்காமல் குடி.

மலையில் அப்போது மழையும் குளிரும் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். மண் சரிந்தால் ரயில் ஓடாது, முதல் நாளே விசாரித்துவிடு.

கொழும்பு வழியாகத் திரும்பும்போது தேசிய அருங்காட்சியகத்துக்குப் போ. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் ஒன்று அங்கே இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது.

நல்லூர்த் திருவிழா எப்போது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடு. மாப்பிள்ளைக்கு வேட்டி நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா