உடைந்த பருப்புக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் ஏன் நொடிக்கின்றன என்று ஆராய்ந்த அந்த அன்பர், இறக்குமதிக் கொட்டையின் விலை, கூலி, மின்கட்டணம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பருப்பு உடைவதற்கு வந்தார். பெண்களின் அஜாக்கிரதைதான் காரணமாம். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருப்பதில்லையாம். கையிலிருந்த சாயா ஆறிப்போகும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கருங்கல் பக்கத்துக்காரி. பதினேழு வயதில் அண்டி ஆபீசுக்குப் போனேன். முந்திரி ஆலை என்று எழுதினால்தான் பத்திரிகைக்கு அழகு. ஆனால் எங்கள் பக்கம் யார் அப்படிச் சொல்கிறார்கள்? கொட்டை உடைப்பதில் பத்து வருஷம், பிறகு தொலி உரிக்கும் பீலிங், பிறகு தரம் பிரிக்கும் கிரேடிங், கடைசி ஒன்பது வருஷம் பீலிங் பகுதிக்கே மேற்பார்வை. மொத்தம் முப்பத்துநான்கு வருஷம். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்நுனி இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. ஆகவே உடைவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முழுப்பருப்புக்கும் துண்டுப்பருப்புக்கும் கிலோவுக்கு நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசம் வரும். அதனால் உடைவு என்றால் முதலாளிக்கு நெஞ்சு அடைக்கும், அது நியாயம்தான். நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம், சோறு போட்ட இடம்) மானேஜர் தினமும் பதினொரு மணிக்கு ஒரு சுற்று வருவார். எந்த மேஜையில் உடைவு கூடுதலாகத் தெரிகிறதோ அங்கே நின்று சத்தம் போடுவார். ஒரு மேஜைக்காரர்களுக்கு ஒருநாள் கூலியில் பிடித்தம்கூட ஆனது. மறுநாள் அதே மேஜையில் உடைவு குறைந்தது. "பார்த்தியா, சத்தம் போட்டாத்தான் சரிவரும்" என்றார். எனக்கும் அப்போது அது சரி என்றுதான் பட்டது. நானும் சத்தம் போட்டவள்தான்.

என் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டுச் சென்னையில் வண்டிக்கு பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். 2015-இல் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது இதைச் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. மார்த்தாண்டம் சந்தைக்குப் போய் வெள்ளைப் பாசிமணியும் சிவப்புப் பாசிமணியும் வாங்கிவந்தான். வெள்ளை எண்ணூறு, சிவப்பு இருநூறு எண்ணி ஒரு பானையில் போட்டுக் கலக்கினான். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, "வெள்ளை நல்ல பருப்பு, சிவப்பு உடைவு. கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது எடுங்கள்" என்றான். ஒருத்திக்குச் சிவப்பு 6 வந்தது, ஒருத்திக்கு 13, மற்றவர்களுக்கு 9, 15, 10, 8. பதினைந்து எடுத்த அக்காவைப் பார்த்து, "எக்கா, உங்களுக்கு இன்னைக்குக் கூலியில்லை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இந்த விளையாட்டு அவன் கண்டுபிடித்ததல்ல. டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் தம் வகுப்புகளில் பெரிய பெரிய கம்பெனி அதிகாரிகளை வைத்து நடத்தியதாம். பானையில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு கிடந்தால், எடுக்கிறவள் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பத்தை ஒட்டித்தான் வரும். சில நாள் கூடும், சில நாள் குறையும். பதினைந்து வந்தவளைத் திட்டினால் அடுத்த தடவை அவளுக்குக் குறையத்தான் வாய்ப்பு அதிகம், திட்டாவிட்டாலும் அப்படித்தான். எங்கள் மானேஜரின் சத்தத்துக்கு இருந்த மகிமை இவ்வளவுதான்.

அப்புறம் அவன் ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தான். பத்தாம் வகுப்பு தாண்டாத எனக்கே புரிந்ததால் இங்கே எழுதுகிறேன். பீலிங் பகுதியில் ஆறு மேஜை. தினமும் ஒவ்வொரு மேஜையிலிருந்தும் நூறு பருப்பு எடுத்து, அதில் எத்தனை உடைந்தது என்று எண்ண வேண்டும். முதல் வாரம் தட்டின் மேலிருந்து அள்ளினேன். போனில் சொன்னபோது மகன், "அம்மா, குறுநொய் எல்லாம் அடியிலல்லவா போய்க் கிடக்கும்" என்றான். வாஸ்தவம்தான், முறத்தில் புடைக்கத் தெரிந்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? மறுபடி தொடங்கி, அடிவரை கைவிட்டு அள்ளினேன். ஒருநாள் எண்ணிக்கை 9, 14, 7, 18, 11, 13. இப்படியே இருபத்துநான்கு வேலைநாள்.

மாதக் கடைசியில் சராசரி நூற்றுக்கு 12. பன்னிரண்டை மீதி எண்பத்தெட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் 10.56. அதன் வர்க்கமூலம் சுமார் 3.25. அதை மூன்றால் பெருக்கினால் 9.75. பன்னிரண்டோடு கூட்டினால் கிட்டத்தட்ட 22, கழித்தால் 2. ஆக, 2-க்கும் 22-க்கும் நடுவே எது வந்தாலும் அது அந்தப் பானையின் குணம், எடுத்தவளின் குணமில்லை. 18 எண்ணிய மேஜையைத் திட்டவும் காரணமில்லை, 7 எண்ணிய மேஜைக்கு மிட்டாய் கொடுக்கவும் காரணமில்லை. 22-ஐத் தாண்டினால் மட்டும் என்னவோ நடந்திருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய கலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டு, புள்ளி வைத்துப் பார்த்தேன். 22-க்கு மேல் ஒன்பது புள்ளி. ஒன்பதும் திங்கட்கிழமை. ஒரு மேஜை, இரண்டு மேஜை அல்ல, எல்லா மேஜையிலும் மாறி மாறி. திங்கட்கிழமை மட்டும் ஆறு மேஜைப் பெண்களும் சேர்ந்து அஜாக்கிரதையாகிவிடுவார்களா என்று கடிதம் எழுதிய அன்பர்தான் சொல்ல வேண்டும்.

காரணம் போர்மாவில் இருந்தது. தோடு நீக்கிய பருப்பைத் தொலி கழலுவதற்காகத் தட்டுகளில் பரப்பி வைத்து உலர்த்தும் சூட்டறை அது. மற்ற நாளில் நேரம் பார்த்து வெளியே எடுப்பார்கள், நடுவில் மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றுவார்கள். சனிக்கிழமை மாலை ஏற்றியதை மட்டும், ஞாயிறு லீவு என்பதால், தீயைக் குறைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திங்கள் காலையில் வரும் பருப்பு அப்பளம்போல இருக்கும். விரல் பட்டாலே இரண்டாகும். முப்பது வருஷமாக அதைக் கையால் தொட்டவர்கள் நாங்கள். "திங்கட்கிழமைப் பருப்பு முறுகல்" என்று எங்களுக்குள் பேசிக்கொள்ளவும் செய்வோம். ஆனால் மானேஜரிடம் சொன்னால் சாக்குச் சொல்வதாகிவிடும். புள்ளி வைத்த அட்டையைக் காட்டியபோதுதான் நம்பினார். சனிக்கிழமை ஒருவர் இரவு எட்டு மணிவரை நின்று தட்டை இறக்க ஏற்பாடானது. அடுத்த இரண்டு மாதத்தில் சராசரி 12 என்பது 10-க்கு வந்தது. அந்த ஒருவருக்குக் கொடுத்த அதிக நேரக் கூலி எங்கே, மிச்சமான முழுப்பருப்பு எங்கே.

இன்னொன்றும் அந்த அட்டை காட்டியது. நம் மாவட்டத்தில் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஐப்பசியில் எந்தப் புள்ளியும் 22-ஐத் தாண்டவில்லை. ஆனால் நாள் சராசரி தொடர்ந்து எட்டு நாள், சராசரிக்காகப் போட்ட நடுக்கோட்டுக்கு மேலேயே நின்றது. நாணயத்தைச் சுண்டி எட்டுத் தடவையும் தலையே விழுவதுபோல. எல்லை தாண்டாவிட்டாலும் இதுவும் ஓர் அடையாளம் என்றான் மகன். ஈரக்காற்றில் தொலி சரியாகக் கழலாமல், கத்தி வைத்துச் சுரண்டிச் சுரண்டி உடைந்திருக்கிறது. போர்மாவில் கொஞ்ச நேரம் கூட்டினோம், இறங்கியது.

இதே முறையை மைனியின் மகன் தன் ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டில் செய்து பார்த்தான். 250 கிராம் பாக்கெட்டில் 9 கிராம்வரை குறைந்தால் சட்டம் பொறுக்கும், ஆனால் மொத்தத்தில் சராசரி 250-க்குக் குறையக் கூடாது. அந்தப் பயத்தில் அவன் மிஷினை 258-இல் வைத்திருந்தான். போதாததற்கு, ஒவ்வொரு பாக்கெட்டையும் எடைபோட்டு, 3 கிராம் கூடினால் மிஷினின் எடைத் திருகை அதே அளவுக்கு அந்தப் பக்கம், 3 குறைந்தால் இந்தப் பக்கம். அப்படித் திருகத் திருக ஏற்றஇறக்கம் கூடத்தான் செய்யும். கணக்குப்படி, தொடாமல் விட்டதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். திருகிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, மணிக்கு ஐந்து பாக்கெட் மட்டும் எடைபோட்டுச் சராசரியைப் புள்ளி வைக்கச் சொன்னோம். இப்போது 254-இல் ஓடுகிறது. நாளைக்கு அறுநூறு பாக்கெட் போடுகிறவனுக்கு அது இரண்டே கால் கிலோவுக்கு மேல் மிச்சம். திருகைத் தொடாமல் இருப்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது, இப்போதும் சில சமயம் கை போகிறதாம்.

இது புதுச் சரக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் டெலிபோன் ஆராய்ச்சி வேலையில் இருந்த வால்டர் ஷூஹார்ட் என்பவர் 1924 மே 16-ஆம் தேதி ஒரே பக்கக் குறிப்பில் இப்படி ஒரு வரைபடத்தைத் தன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகாலனோபிஸ், அந்த ஷூஹார்ட்டையே 1947-48-இல் நம் நாட்டுக்கு வரவழைத்தார். டெமிங் ஜப்பானியருக்கு வகுப்பெடுத்தது அதற்குப் பிறகு, 1950-இல். தரத்துக்காக அவர்கள் அவர் பெயரில் பரிசே வைத்தார்கள். அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, 1998-இல். அதாவது இந்த வித்தை சென்னைவரை எப்போதோ வந்துவிட்டது. நாகர்கோவில் ரயிலேறத்தான் தாமதம்.

எங்கள் அட்டைக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. மானேஜருக்கு அந்த அட்டை பிடித்துப்போய், கம்ப்யூட்டரில் கலராக அடித்துச் சுவரில் மாட்டச் சொன்னார். அதோடு எண்ணும் வேலை என்னிடமிருந்து ஆபீஸ் அறைக்குப் போனது. அங்கே யார் எண்ணினார்களோ, மூன்று மாதப் புள்ளியும் நடுக்கோட்டை ஒட்டி எறும்பு வரிசைபோல இருந்தது. அதை போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "அம்மா, இவ்வளவு நல்லா இருக்கவே முடியாது, யாரோ உட்கார்ந்து எழுதினது" என்றான். ஏற்றமும் இறக்கமும் இல்லாத வரைபடமே சந்தேகத்துக்குரியது என்பதும் இந்தப் பாடத்தில் ஒன்றாம். கீழே பீலிங்கில் மறுபடி சத்தம் தொடங்கியிருந்தது. கூலிப்பிடித்தமும் வந்தது. பிடித்தம் என்றானதும் பெண்கள் என்ன செய்வார்கள்? உடைந்ததை மடியில் போட்டுக்கொண்டு போவார்கள், எண்ணிக்கையில் வராது. நான் மேற்பார்வையாளர், பார்த்தும் பாராமல் இருந்தேன். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரிலேயே அரசுப் பாலிடெக்னிக் இருக்கிறது. கடைசி வருஷப் பிள்ளைகளை ஒரு மாதம் அண்டி ஆபீசுக்கும், மீன்வலைக் கம்பெனிக்கும், ரப்பர் பால் சம்பந்தப்பட்ட சிறு கம்பெனிகளுக்கும், ஆரல்வாய்மொழி செங்கல் சூளைக்கும் அனுப்பலாம். கையில் ஒரு கிராப் நோட்டும் பென்சிலும் போதும். மாவட்டத் தொழில் மையம் நினைத்தால் இதை ஏற்பாடு செய்ய முடியும். ஒரே நிபந்தனை: எண்ணுவதும் புள்ளி வைப்பதும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவளே செய்ய வேண்டும், அந்த எண்ணை வைத்து யார் கூலியிலும் கை வைக்கக் கூடாது. நோட்டு ஆபீஸ் அறைக்குப் போனால் மறுபடி எறும்பு வரிசைதான்.

கடிதம் எழுதிய அன்பரிடம் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் ஆலை இருப்பதாகத் தெரிகிறது, நஷ்டமும் இருக்கும். ஒரு திங்கட்கிழமையும் ஒரு வியாழக்கிழமையும் மேஜைக்கு நூறு பருப்பு எடுத்து அவரே எண்ணிப் பார்த்து, கிடைத்ததை உங்கள் பத்திரிகைக்கே எழுதட்டும். தட்டின் அடியிலிருந்தும் அள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பீலிங் மேற்பார்வையாளர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.