பக்கெட்டைப் பொதுவில் திறப்பதால் கோளாறு தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளவுடில் தனி நெட்வொர்க் அமைத்து, இணையத்துக்கு நேரடி வழியில்லாத சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) சர்வரை வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த சர்வரிலிருந்து ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்குக் (கோப்புகளைச் சேமிக்கும் கிளவுட் சேவை; அமேசானில் இதன் பெயர் எஸ்3) கோப்பு போகவில்லை என்றதும் பலர் முதலில் கை வைப்பது பக்கெட்டின், அதாவது அந்தக் கோப்புகள் இருக்கும் தொகுப்பின், பப்ளிக் அனுமதியில்தான். "ஒரு தடவை பப்ளிக் ஆக்கிப் பாருங்கள்" என்ற யோசனை மிகச் சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஒரு தடவைக்குள் அடையாள அட்டை நகல்களும் மருத்துவ அறிக்கைகளும் யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம். அமேசான் 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளில் பப்ளிக் அணுகலைத் தானாகவே தடுத்து வைக்கிறது. அந்தத் தடையையும் சிலர் மெனக்கெட்டு நீக்குகிறார்கள் என்பதுதான் வருத்தம். அப்படி நீக்கினாலும் கோளாறு பெரும்பாலும் அப்படியே இருக்கும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது பிழை எந்த வகை என்பதை. கோரிக்கை போய், பதிலே இல்லாமல் தொங்கி, கடைசியில் டைம்-அவுட் என்று முடிந்தால் பாக்கெட் (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு) ஸ்டோரேஜ் வாசலையே தொடவில்லை. பக்கெட் பப்ளிக்கா பிரைவேட்டா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. பாலிசியில் (அனுமதி விதிகளில்) எதை மாற்றினாலும் பயன் இராது. '403 ஆக்சஸ் டினைடு' வந்தால் கதை வேறு. கோரிக்கை போய்ச் சேர்ந்து, மறுக்கப்பட்டிருக்கிறது. அப்போது ரூட் டேபிளைக் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் பட்டியல்) கிண்டுவது பெரும்பாலும் வீண்.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சர்வருக்குள் நுழைந்து, எந்தச் சாவியும் கொடுக்காமல், பக்கெட் முகவரிக்கு 'கர்ல்' (இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கருவி) கட்டளையை வெர்போஸ் முறையில் (ஒவ்வொரு படியையும் காட்டும்படி) ஓட்டுங்கள். 'டிரையிங்' என்று ஓர் ஐபி முகவரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றால் வழியில் கோளாறு. 'கனெக்டட்' வந்து, டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (பாதுகாப்பான இணைப்புக்கான தொடக்கப் பரிமாற்றம்) முடிந்து, 403 என்ற எக்ஸ்எம்எல் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. இந்த இடத்தில் 403 நல்ல செய்தி. அமேசானின் கட்டளைவரிக் கருவியை வைத்துச் சோதிப்பவர்கள் அதன் கனெக்ட் டைம்-அவுட்டை 5 விநாடியாகக் குறைத்துக்கொள்ளட்டும். வழக்கமான அளவு 60 விநாடி. கருவி தானே பலமுறை மறுபடி முயல்வதால், இணைப்பு அறுந்ததா மெதுவாக இருக்கிறதா என்றே தெரியாமல் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும். பிங், டிரேஸ்ரூட் இரண்டையும் நம்ப வேண்டாம். போர்ட் 443 (எச்டிடிபிஎஸ் இணைப்புக்கான வாசல் எண்) திறந்திருக்கிறதா என்பதே நமக்கு வேண்டிய விடை.

டைம்-அவுட் என்று உறுதியானால், அமேசானில் எந்த வகை எண்ட்பாயிண்ட் (இணையத்துக்குப் போகாமல் ஸ்டோரேஜை எட்ட உதவும் தனி வாசல்) என்று பாருங்கள். 2015இல் வந்த கேட்வே எண்ட்பாயிண்ட்டுக்குக் கட்டணம் கிடையாது. அது ரூட் டேபிளில் ஒரு வரியாக உட்காரும். 2021இல் வந்த இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட், சப்நெட்டுக்குள் ஒரு தனி ஐபி முகவரியோடு (நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் பிரைவேட் முகவரி) நெட்வொர்க் கார்டு போல நிற்கும். மணிக்கணக்கிலும் ஜிபி கணக்கிலும் காசு. இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு என்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

கேட்வே வகையில் பெரிய குழப்பம் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை). அதைக் கேட்டுச் சொல்லும் 'டிக்' கட்டளை போட்டால் பக்கெட் பெயருக்குப் பப்ளிக் ஐபி முகவரிதான் வரும். "எண்ட்பாயிண்ட் போட்டும் பப்ளிக் முகவரி வருகிறதே" என்று அதை அழித்துத் திரும்ப உருவாக்குகிறார்கள். தேவையில்லை, அது அப்படித்தான் வரும். அந்த ஐபி வரம்புகள் அனைத்தும் ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட் என்ற பெயரில் ரூட் டேபிளில் ஏறியிருக்கும். பொதுவான டீஃபால்ட் ரூட்டைவிட (வேறெந்த வரியும் பொருந்தாதபோது போகும் வழி) அது குறிப்பானது என்பதால் பாக்கெட் எண்ட்பாயிண்ட் பக்கம் திரும்பும். ஆகவே பார்க்க வேண்டியது ரூட் டேபிளை. அதுவும் சர்வர் இருக்கும் சப்நெட் உண்மையில் எந்த ரூட் டேபிளோடு இணைந்திருக்கிறது என்பதை. தனியாக இணைக்கப்படாத சப்நெட் மெயின் ரூட் டேபிளைப் பிடித்துக்கொள்ளும். மூன்று சப்நெட்டில் சர்வர்கள் பரவியிருந்து ஒன்றின் ரூட் டேபிளில் மட்டும் இந்த வரி விடுபட்டால், வேலைகள் சில சமயம் ஓடும், சில சமயம் தொங்கும். 'விட்டுவிட்டு வரும் கோளாறு' என்று வாரக்கணக்கில் தேடப்படுபவற்றில் இது அடிக்கடி தென்படுகிறது. தோற்ற வேலைகள் எந்தச் சப்நெட்டில் ஓடின என்று வரிசைப்படுத்தினால் விடை உடனே கண்ணில் படும்.

கேட்வே எண்ட்பாயிண்ட் அதே ரீஜனில் (டேட்டா சென்டர்கள் அமைந்த வட்டாரம்) உள்ள பக்கெட்டுகளுக்கு மட்டுமே. பக்கெட் வேறு ரீஜனில் இருந்தால் பாக்கெட் டீஃபால்ட் ரூட்டைத் தேடும். நேட் (தனி ஐபி கொண்ட சர்வரை இணையத்துக்கு அனுப்பும் இடைவழி) இல்லாத சப்நெட்டில் அங்கேயே மடியும். விபிஎன், டைரக்ட் கனெக்ட் (அமேசானுக்கான தனி இணைப்பு), பியரிங் (இரு தனி நெட்வொர்க்குகளை இணைப்பது) வழியாக வெளியிலிருந்து வருபவர்களும் இதைப் பயன்படுத்த முடியாது. அலுவலக டேட்டா சென்டரிலிருந்து தனி வழியில் எட்ட வேண்டுமென்றால் இன்டர்ஃபேஸ் வகைதான் போட வேண்டும். அதற்கென்று செக்யூரிட்டி குரூப் (போக்குவரத்தை வடிகட்டும் விதித் தொகுப்பு) உண்டு. அதில் சர்வர்களிடமிருந்து உள்ளே வரும் 443 திறந்திருக்க வேண்டும். சர்வரின் செக்யூரிட்டி குரூப்பை மட்டும் சரிபார்த்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.

அடுத்தது நெட்வொர்க் ஏசிஎல், சப்நெட்டின் எல்லையில் நிற்கும் வடிகட்டி. செக்யூரிட்டி குரூப் போய்த் திரும்பும் போக்குவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், ஏசிஎல் வைத்துக்கொள்ளாது. வெளியே 443ஐ அனுமதித்துவிட்டு, உள்ளே திரும்பும் 1024 முதல் 65535 வரையிலான போர்ட்களை மறந்தால் பதில் வாசலிலேயே விழும். ஏசிஎல்லில் ப்ரிஃபிக்ஸ் லிஸ்டைக் குறிப்பிட வழியில்லை, ஐபி வரம்புகளையே எழுத வேண்டும். விபிசி (அமேசானில் தனி நெட்வொர்க்) ஃப்ளோ லாக்கில் (போக்குவரத்துப் பதிவு) இது தெளிவாகத் தெரியும்: வெளியே போன வரியில் 'அக்செப்ட்', திரும்பி வந்த வரியில் 'ரிஜெக்ட்'. சர்வரின் செக்யூரிட்டி குரூப் தடுத்திருந்தால் வெளியே போகும் வரியே 'ரிஜெக்ட்' ஆகியிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் அஷூரில் முக்கால்வாசிக் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். அங்கே பிரைவேட் எண்ட்பாயிண்ட் போட்டால் ஸ்டோரேஜ் கணக்கின் பெயர் 'பிரைவேட்லிங்க்' என்று தொடங்கும் டிஎன்எஸ் மண்டலம் வழியே தனி ஐபியாக மாற வேண்டும். அந்த மண்டலம் சர்வர் இருக்கும் விநெட்டோடு (அஷூரின் தனி நெட்வொர்க்) இணைக்கப்படாவிட்டால் பப்ளிக் ஐபி வரும். கோரிக்கை இணையப் பக்கமாகப் போய், ஸ்டோரேஜின் ஃபயர்வால் 403 கொடுக்கும். இங்கே 403க்குக் காரணம் வழியாகவே இருக்கலாம். ஆகவே அஷூரில் முதல் கட்டளை, பெயருக்கு எந்த ஐபி வருகிறது என்று காட்டும் 'என்எஸ்லுக்அப்'. பிளாப் முகவரிக்கும் டேட்டா லேக்கின் டிஎஃப்எஸ் முகவரிக்கும் தனித்தனி எண்ட்பாயிண்ட் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்கு அஷூரின் 168.63.129.16 என்ற டிஎன்எஸ் முகவரி நேரடியாக எட்டாது. விநெட்டுக்குள் டிஎன்எஸ் கேள்வியைக் கைமாற்றும் ஒரு ஃபார்வர்டர் இருந்தாக வேண்டும். கூகுளில் சப்நெட்டுக்கு 'பிரைவேட் கூகுள் ஆக்சஸ்' (பப்ளிக் ஐபி இல்லாமலே கூகுள் சேவைகளை எட்டும் வசதி) இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் பாதி முடிந்தது.

இனி 403. ரோலின் (சர்வருக்குத் தரப்பட்ட அடையாளம்) ஐஏஎம் பாலிசி, எண்ட்பாயிண்ட் பாலிசி, பக்கெட் பாலிசி, கேஎம்எஸ் சாவியின் (கோப்பைப் பூட்டும் மறைகுறியாக்கச் சாவி) பாலிசி என்று அனுமதி பல இடங்களில் பார்க்கப்படுகிறது. எங்காவது ஒரு 'டினை' பொருந்தினால் மற்ற எல்லா 'அலோ'வும் செல்லாது. பொதுவில் திறந்தாலும் அந்த 'டினை' அப்படியே இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நேற்று வரை ஓடியது, எண்ட்பாயிண்ட் போட்டதும் 403 என்றால் பக்கெட் பாலிசியில் 'சோர்ஸ்-ஐபி' நிபந்தனையைத் தேடுங்கள். முன்பு நேட் கேட்வேயின் பப்ளிக் ஐபியோடு வந்த கோரிக்கை இப்போது எண்ட்பாயிண்ட் வழியே தனி ஐபியோடு வருகிறது, நிபந்தனை பொருந்தாது. 'சோர்ஸ்-விபிசிஇ' நிபந்தனைக்கு மாற்றி, எண்ட்பாயிண்ட்டின் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டும். அதை 'டினை'யாக எழுதும்போது நிர்வாகி ரோலுக்கு விலக்கு வையுங்கள். இல்லாவிட்டால் பிரவுசரில் கன்சோலைத் திறக்கும் நீங்களும் வெளியே நிற்பீர்கள். கணக்கின் ரூட் பயனர் (முழு அதிகாரம் கொண்ட உரிமையாளர்) நுழைந்து அந்தப் பாலிசியை அழிக்க வேண்டி வரும்.

பட்டியல் எடுக்கும் அனுமதி பக்கெட்டின் பெயர் மீதும், கோப்பை எடுக்கும் அனுமதி பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் இட்ட வடிவத்தின் மீதும் தர வேண்டும். பட்டியல் அனுமதி இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டால் 404 வராது, 403தான் வரும். கோப்புப் பெயரில் ஓர் எழுத்து பிசகியதற்குப் பாலிசியைப் பிரித்து மேய்வது இதனால்தான். சர்வர் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகினாலும் 403 வரும்; பதிலின் உள்ளே 'ரிக்வெஸ்ட் டைம் டூ ஸ்கியூட்' என்று காரணம் எழுதியே இருக்கும், யாரும் அதுவரை படிப்பதில்லை. வேறு கணக்கின் பக்கெட் என்றால் இரு பக்கமும் அனுமதி வேண்டும். கேஎம்எஸ்ஸில் அமேசானே நிர்வகிக்கும் 'aws/s3' சாவியால் பூட்டிய கோப்பை வேறு கணக்குக்குத் தரவே முடியாது.

எண்ட்பாயிண்ட் பாலிசியை இறுக்குவது நல்ல பழக்கம். ஆனால் சொந்த பக்கெட்டை மட்டும் அனுமதித்தால் அமேசான் லினக்ஸின் 'யம்' வழி மென்பொருள் அப்டேட் நிற்கும், இசிஆரிலிருந்து (அமேசானின் கன்டெய்னர் கிடங்கு) கன்டெய்னர் இமேஜ் இறங்காது. இரண்டும் பின்னணியில் எஸ்3 பக்கெட்டிலிருந்துதான் வருகின்றன. அந்த பக்கெட்டுகளையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

சிறு கோப்பு போகிறது, பெரியது தொங்குகிறது என்றால் அனுமதியை விட்டுவிட்டு எம்டியுவைப் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். விபிசிக்குள் 9001 பைட் வரை போகும் பாக்கெட், விபிஎன்னில் 1500க்குள் அடங்க வேண்டும். "பாக்கெட் பெரிது" என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஃபயர்வால் தடுத்தால் அனுப்பியவருக்குத் தெரியாமலே அது தொலையும். சர்வரில் ப்ராக்ஸி (கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் சர்வர்) அமைப்பு இருந்தால் ஸ்டோரேஜ் முகவரியையும், சர்வர் தன் தற்காலிகச் சாவியைப் பெறும் 169.254.169.254ஐயும் 'நோ ப்ராக்ஸி' பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் எண்ட்பாயிண்ட்டைத் தொடாமலே எல்லாம் ப்ராக்ஸி பக்கம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் தீராமல் சேவை நிறுவனத்தின் உதவியை நாடும்போது, பதிலின் ஹெட்டரில் வரும் ரிக்வெஸ்ட் ஐடி, யுடிசி நேரம், சர்வர் இருக்கும் சப்நெட், எண்ட்பாயிண்ட் எண், 'கர்ல்' வெளியீடு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். டைம்-அவுட்டுக்கு ரிக்வெஸ்ட் ஐடி இருக்காது. கிளவுட்டிரெயிலிலும் (அமேசானின் நடவடிக்கைப் பதிவு) தடயம் இருக்காது, கோரிக்கை அங்கே போகவே இல்லையே. அதற்கு ஃப்ளோ லாக் வரிகளை அனுப்ப வேண்டும். சோதனைக்கென்று ஏற்கெனவே பப்ளிக் ஆக்கிவிட்ட பக்கெட் ஏதும் இருந்தால், கடிதம் எழுதும் முன் அதை மூடிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளவுட் நெட்வொர்க் நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்கள்