புளோர் வீதிக் கையெழுத்து

யாழ்ப்பாணம்

அன்பின் குணம்,

நலம், உங்கள் வீட்டிலும் அனைவரும் நலமென நம்புகிறேன். நான்கு மாதமாக எழுதாதிருந்ததற்குப் பொறுத்துக்கொள்.

ரொறன்ரோவில் உன் கடை இருக்கும் புளோர் வீதியின் சைக்கிள் பாதையை அகற்றக் கோரும் மனுவில் கையெழுத்திட்டதாகச் சென்ற கிழமை நீ தொலைபேசியில் சொன்னது எனக்கு உறைத்தது. கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை என்றாய். அதே சொற்களை இங்கேயும் கேட்டேன். ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த என் பேத்தியைப் பஸ் ஒன்று உரசிச் சென்றதில் அவள் மதகடியில் விழுந்து, முழங்கையில் ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று. அதன்பின்தான் பெற்றோர் சேர்ந்து, பாடசாலைச் சந்தியில் கட்டை வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை கேட்டு மனுக் கொடுத்தோம். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எழுந்தார்கள். எங்கள் வாக்கில் வென்ற உறுப்பினரும் அவர்கள் பக்கமே பேசினார். மனு அப்படியே கிடக்கிறது.

உங்கள் மாகாண அரசு 2024இல் சட்டம் இயற்றி புளோர், யங், யூனிவேர்சிற்றி வீதிகளின் சைக்கிள் பாதைகளை அகற்ற முனைந்ததையும், 2025 யூலை 30இல் ஒன்ராறியோ மேல் நீதிமன்றம் அது சைக்கிள் ஓட்டுவோரின் உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்ததையும் தேடிப் படித்தேன். அகற்றினால் நெரிசல் குறையும் என்பதற்கு அரசு போதிய சான்று காட்டவில்லை என்றும் அந்தத் தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. அதற்குத் துணையாகவா உன் கையெழுத்து?

பிரேக் இல்லாத சைக்கிளில் தம்பிமுத்தரின் வேலிக்குள் பாய்ந்தவன் நீ! போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் மின்சாரமும் இல்லாதிருக்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோமே. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது, கொட்டும் மழையில், உன் அம்மாவைக் கரியரில் இருத்தி நாவற்குழிப் பாலம் தாண்டும் வரை நாம் மாறிமாறி உருட்டியதும் என் றலி சைக்கிள்தான். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும் இந்த ஊர் சைக்கிளில்தான் வேலைக்குப் போனது. அதில் போகும் பிள்ளைக்கு வீதியில் மூன்றடி ஒதுக்க நாம் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்?

கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். முடிந்தால் அந்தக் கையெழுத்தை மீளப்பெறு. வருகிற ஞாயிறு பெற்றோர் மறுபடி கூடுகிறோம். காரையும் சைக்கிளையும் அங்கே எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது தெரியும்படி, புளோர் வீதியில் உன் கடைவாசலில் நின்றே நாலைந்து படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
நாதன்