தம்பி போட்ட கையெழுத்து

வதனி,

உன் அம்மா போன ஞாயிறு பரந்தனிலிருந்து பஸ் எடுத்து வந்திருந்தார். தேத்தண்ணி ஆறும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "என்ரை பிள்ளை அங்கை குளிருக்குள்ளை கிடக்கிறான், நீ சொன்னால் வதனி கேட்பாள்" என்றார். முதலில் எனக்கு விளங்கவே இல்லை. செத்துப்போன உன் தம்பி கீமோவுக்கு முதல் லண்டனில் சேமித்து வைத்த விந்தைத்தான் சொல்கிறார், அதில் அவன் மனைவி ஒரு பிள்ளை பெற வேண்டுமாம். திரவ நைதரசனில் மைனஸ் 196 பாகை என்று நீ போனில் சொன்னாயாம், அது அவருடைய மனதில் அப்படிப் பதிந்துவிட்டது.

தகப்பன் இல்லாமல் பிள்ளை வளரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், வன்னியில் இருந்துகொண்டு அதை எந்த வாயால் சொல்வது? 2015இல் தரம் 1க்கு வந்ததெல்லாம் யுத்தம் முடிந்த வருடம் பிறந்த பிள்ளைகள். ஒரு படிவத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதப்போக, தாய் என் பேனையைப் பிடித்துவிட்டாள். "காணாமல் போனவர் ரீச்சர், செத்தவர் இல்லை." பெயரை மட்டும் எழுதினேன்.

உங்கள் இங்கிலாந்தில் டயான் பிளட் என்ற பெண்ணும் படிவத்தில் அந்தத் தகப்பன் பெயருக்காக அலைந்தவர்தான். 1995இல் கணவர் மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கும்போது எடுத்த விந்து, எழுத்தில் சம்மதம் கிடையாது, அதனால் 1997இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோக மட்டும் விட்டது. இரண்டு பெடியன்கள் பிறந்த பிறகும் தகப்பன் பெயரைப் பதிய 2003இல் சட்டமே மாற வேண்டியிருந்தது. சரி, ஆனால் அது அவரே கேட்டது, அவருடைய வயிறு.

தம்பி சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான், அதுவும் மனைவி பெயருக்கு. அது அவளுக்குக் கொடுத்த அனுமதி, அவள் அடைக்க வேண்டிய கடன் இல்லை. 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம், கல்யாணம் கட்டாமல் இறந்த மகனின் விந்தைப் பெற்றோரிடம் கொடுக்கச் சொன்னதை யாரோ அம்மாவுக்குக் காட்டியிருக்கிறார்கள் (வாட்ஸப்தான், வேறென்ன). அங்கே மனைவி என்று ஒருத்தி இல்லை. இங்கே இருக்கிறாள், வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்று நீதானே எழுதினாய். அந்தரப்படுத்தாதே. நாளைக்கு வேறு கல்யாணம் செய்தாலும் செய்யட்டும்.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, உனக்கு எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். நீ போன் எடுத்தால் இந்தக் கதையைத் தொடங்காதே, முழங்கால் நோவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேள். படியிறங்கவே கஷ்டப்பட்டார்.

சாந்தி