மான்கள் வாழும் ஊரில்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். எமது சுற்றாடல் முன்னோடி மாணவர்கள் இந்தத் தவணையில் பாடசாலைப் பின்மதிலோரம் மரம் நட்டு ஒரு பசுமைத் துண்டை உருவாக்கும் வேலையைத் தொடங்குகிறார்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் மட்டும் செய்து முடிக்கிற வேலை இல்லை அது. வீட்டிலிருந்து நீங்களும் கைகொடுத்தால்தான் நடக்கும். அதனால் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசித்தால் இன்னும் நல்லது.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் புள்ளிமானைப் பார்க்க வில்பத்து, யால போன்ற காடுகளுக்குப் போக வேண்டும். நம் திருகோணமலைப் பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் வழியிலேயே பார்க்கிறார்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் மரநிழலில் படுத்து அசைபோடுகின்றன. கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் நம்மோடு நடக்கின்றன. பின்னேரமானால் கடற்கரைப் பக்கம், பஸ் நிலையப் பக்கம் என்று இறங்கி வருகின்றன. இப்படி நகரத்துக்குள் மனிதரோடு மனிதராக மான் கூட்டம் திரியும் ஊர் இலங்கையில் அபூர்வம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நமக்கு அது அன்றாடக் காட்சி. அன்றாடம் பார்ப்பதால், அவை எதைத் தின்கின்றன என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு.

போன தவணை ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு வாசலுக்கு வெளியே ஒரு பெண்மான் நின்றது. வாயோரத்தில் ஏதோ தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள், லஞ்ச் ஷீட். பருப்பும் சம்பலும் ஒட்டியிருந்த பக்கத்தை முதலில் நக்கியது. பிறகு தாளையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது. காவலாளி கையைத் தட்டி விரட்டினார். அது நாலடி தள்ளிப் போய் நின்று மிச்சத்தையும் விழுங்கிவிட்டது. பார்த்துக்கொண்டு நின்ற தரம் 6 பிள்ளை ஒன்று, "சேர், அது செமிக்குமா?" என்று கேட்டது.

செமிக்காது. மாட்டைப் போலவே மானும் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பைக்கு நான்கு அறைகள். தின்ற புல்லும் இலையும் முதலில் பெரிய அறைக்குப் போய் ஊறி, திரும்ப வாய்க்கு வந்து அரைபட்டு, அப்புறம்தான் அடுத்த அறைக்கு நகரும். பொலித்தீன் ஊறவும் செய்யாது, அரைபடவும் செய்யாது. முதல் அறையிலேயே தங்கிவிடும். ஒன்றோடு ஒன்று சுருண்டு நாளாக ஆக உருண்டையாகிவிடும். வயிறு நிறைந்திருப்பது போலத் தோன்றுவதால் மான் மேய்வதைக் குறைக்கும். வெளியே பார்த்தால் வயிறு உப்பியிருக்கும், உள்ளே விலங்கு பட்டினி கிடக்கும். செத்த மானின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்தார்கள் என்ற செய்தி நம் ஊருக்குப் புதிதல்ல. அந்தச் செய்தியில் வரும் பொலித்தீன் எங்கிருந்தோ காற்றில் வந்ததல்ல. நம் கடைகளிலும் சமையலறைகளிலும் பாடசாலை வாசலிலும் இருந்து போனது.

பிள்ளைகளோடு இதைக் கதைத்தபோது அவர்கள் முதலில் சொன்ன யோசனை, "அப்படியென்றால் நாங்கள் நல்ல சாப்பாடு கொண்டுவந்து கொடுப்போம்" என்பது. நல்ல மனசிலிருந்து வந்த யோசனைதான். ஆனாலும் அதை நான் ஊக்குவிக்கவில்லை, காரணத்தையும் விளங்கப்படுத்தினேன். பான், பிஸ்கட், சோறு போன்ற மாச்சத்து உணவு அதிகமாக உள்ளே போனால் மானின் முதல் இரைப்பையில் அமிலம் கூடிவிடும். புல்லைச் செமிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதனால் அழிந்துபோகும். சில வேளைகளில் அதுவே உயிருக்கு வினையாகும். அதோடு, கையிலிருந்து தின்னப் பழகிய மான் மேய்ச்சலை விட்டு றோட்டுக்கு வரும், பையைக் கண்டால் இழுக்கும். கொம்பு முற்றிய கிடாய் பிள்ளையின் கையிலிருக்கும் பைக்காகத் தலையை ஆட்டினாலே போதும், காயம் வரும். மானின் மேல் பாசம் இருந்தால் அதைப் புல் மேய விடுவோம். தள்ளி நின்று பார்ப்போம். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போகும் குடும்பங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அர்ச்சனைப் பழத்தைச் சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு போகிறோம். பழத்தின் வாசத்துக்கு மான் பையோடு சேர்த்து இழுத்துவிடும். துணிப்பையோ பனையோலைக் குட்டானோ கொண்டுபோங்கள். கற்பூரம், ஊதுபத்தி சுற்றி வந்த உறைகளை வழியில் போடாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பாடசாலைக்குள் இனி லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சாப்பாட்டுக்கு இடமில்லை. பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பைகளுக்கும் 2017 செப்டம்பரிலேயே நாட்டில் தடை வந்துவிட்டது. சட்டம் வந்தும் பழக்கம் முழுதாக மாறவில்லை. சாப்பாட்டுப் பெட்டி வாங்குவது சில வீடுகளுக்குச் சுமை என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகளில் வாழையிலையில் சுற்றித் தாருங்கள், அதுவே போதும். இலையை மான் தின்றாலும் கேடில்லை. பெட்டி தேவைப்படுகிறவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அபிவிருத்திச் சங்கம் பார்த்துக்கொள்ளும். யார் கேட்டார் என்று வெளியில் தெரியாது.

வீட்டுக் குப்பை விடயத்தில் ஒன்றுதான் கேட்கிறேன். இரவே கொண்டுபோய் வேலியோரம் வைக்காதீர்கள். வண்டி வரும் நேரத்துக்கு வையுங்கள், அதுவரை மூடியுள்ள வாளிக்குள் இருக்கட்டும். சாப்பாட்டுக் கழிவை வளவுக்குள் ஒரு குழியில் போட்டு மண்ணால் மூடினால் தென்னைக்கு உரமாகும். இரவில் வெளியே கிடக்கும் பைக்கு மான் மட்டும் வருவதில்லை. தெருநாய்களும் வரும். நாய்க்கூட்டம் பழகிய இடத்தில் மான்குட்டிக்குப் பாதுகாப்பில்லை, கடிபட்டுச் செத்த குட்டிகள் உண்டு.

சரி, இனிப் பிள்ளைகள் தொடங்கும் வேலைக்கு வருகிறேன்.

பாடசாலையின் பின்மதிலோரம் வெறுமையாகக் கிடக்கும் நிலம் உங்களுக்குத் தெரியும். அதை ஒரு சிறு பசுமைத் துண்டாக ஆக்கப் போகிறோம். அழகுக்காகக் குரோட்டன் நடும் திட்டமல்ல. நம் மண்ணில் தானாக வளரும் நாவல், வேம்பு, புங்கை, கொன்றை, ஓரத்தில் எருக்கலை, கறிவேப்பிலை, தேசி. எருக்கலையை எதற்கு நடுவது என்று சிலர் கேட்டார்கள். செம்மஞ்சள் செட்டையும் கறுப்பு வெள்ளை விளிம்புமாக நம் தெருவில் பறக்கும் வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கிறதே, அது பெரும்பாலும் எருக்கலை இலையில்தான் முட்டையிடும். அதன் புழுவுக்கு அந்த இலையே உணவு. எருக்கலையை வெட்டிவிட்டுப் பூச்செடி மட்டும் வைத்தால், வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்க வந்து போகுமே தவிர அங்கே பெருகாது.

கறிவேப்பிலையிலும் தேசியிலும் நடப்பதை இன்றைக்கே உங்கள் வளவில் பிள்ளைக்குக் காட்டலாம். கொழுந்து இலையில் பறவை எச்சம் விழுந்தது போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். அது புழு. பறவை கண்ணில் படாமலிருக்க அந்த வேடம். சில நாட்களில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாக்குப் போல ஒரு கொம்பை வெளியே நீட்டும், ஒரு மணமும் வரும். இலையைத் தின்கிறதே என்று மருந்தடிக்காதீர்கள். மரத்துக்கு நாலு இலை போவதால் ஒன்றும் ஆகாது. தரம் 7 பிள்ளைகள் சிலர் புழு கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சி வெளிவரும் வரைக்கும் கொப்பியில் படம் வரைந்து திகதி போட்டு வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானப் பாடத்தில் நான் பார்த்த அருமையான கொப்பிகளில் அவையும் சேரும்.

மரக்கன்று நடுவது நம் ஊரில் பெரிய வேலையில்லை, அதைப் பிழைக்க வைப்பதுதான் வேலை. கச்சான் என்ற வறண்ட கோடைக்காற்று வீசும் மாதங்களில் நட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வாடிவிடும். மாரி மழையோடு நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த கோடையைத் தாங்கும். இன்னும் சில வாரங்களில் மழை தொடங்கிவிடும் என்பதால்தான் இப்போதே கேட்கிறேன். இன்னொன்று, நாம் நடும் கொழுந்து மானுக்குப் பிடித்த தீன். ஒவ்வொரு கன்றுக்கும் பெரியவர் நெஞ்சளவு உயரத்துக்குக் கம்பிவலைக் கூடு வேண்டும். வீட்டில் பழைய கம்பிவலை, மூங்கில், கம்பு கிடந்தால் தந்துதவுங்கள்.

பற்றை வளர்ந்தால் பாம்பு வரும் என்று தாய்மார் சிலர் பயப்பட்டார்கள். நியாயமான பயம். பாம்பு எலிக்காக வருகிறது, எலி கொட்டிய சாப்பாட்டுக்காக வருகிறது. ஆகவே அந்த மூலையில் சாப்பிட அனுமதியில்லை, பாதையோரப் புல் வெட்டப்படும், சப்பாத்து இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, ஆசிரியர் ஒருவர் எப்போதும் கூட இருப்பார். பாம்பைக் கண்டால் பிள்ளைகள் செய்ய வேண்டியது பின்னால் நகர்ந்து ஆசிரியரைக் கூப்பிடுவது மட்டும்தான்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலையை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். அகலமான மண்சட்டி ஒன்று, நடுவில் ஒரு கல், நிழலான இடம். புலுனியும் மைனாவும் செண்பகமும் அணிலும் வரும். ஆனால் டெங்கு இருக்கும் ஊர் இது. நுளம்பு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரமளவு போதும். அதன் முட்டை சட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. ஒவ்வொரு நாளும் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தும்பால் தேய்த்துக் கழுவி மீண்டும் வையுங்கள். இதைச் செய்ய நேரமில்லாத வீடு சட்டி வைக்காமலிருப்பதே நல்லது.

காலையில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிறவர்கள் கோட்டைப் பக்கமும் கடற்கரை வீதியிலும் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் குறுக்கே போனால் பின்னால் இன்னும் வரும் என்று எண்ணி நில்லுங்கள். காயப்பட்ட மானைக் கண்டால் நீங்களே தூக்க முயல வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றைக்குள் தனியாகக் குட்டி படுத்திருந்தால் அது அநாதை என்று நினைக்காதீர்கள். பிறந்த முதல் நாட்களில் தாய் குட்டியை மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும், திரும்பி வரும். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது அந்தக் குட்டிக்கும் நல்லதல்ல, சட்டப்படியும் குற்றம்.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பாடசாலையில் சிரமதானம். முதலில் வாசலிலிருந்து வீதியின் இரு பக்கமும் பொலித்தீன் பொறுக்குவோம், அப்புறம் பின்மதிலோரம் குழி வெட்டுவோம். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். மண்வெட்டி, அலவாங்கு உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவரட்டும். தேநீரும் அவித்த கடலையும் பாடசாலையில் தருவோம், கோப்பையை மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். வேலைக்குப் போகிறதால் வர முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வகுப்பு வாரியாக முறை போடுவோம், அதில் ஒரு பின்னேரம் தந்தாலும் பேருதவி.

வருகிறவர்களின் பெயரைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
அதிபர்